திட்டம் முடிந்த மறுநாளும் நூலகம் திறக்க வேண்டும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் பண்பாட்டு அமைச்சர்களுக்கும், 2028 முதல் 2034 வரையான ஒன்றியத்தின் வரவு செலவுத் திட்டத்தைத் தீர்மானிக்கப் போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஜேர்மனியில் ஒரு சிறு நகரத்தின் நகரசபை நூலகத்தில், இரவல் மேசையில் 14 வருடமாக வேலை செய்கிறேன். 1990களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. டொச் (ஜெர்மன்) மொழியைப் பாதி பாடசாலையிலும் மீதியை நூலகத்தின் சிறுவர் பகுதியிலும்தான் கற்றேன். விசா என்ன, எவ்வளவு நாள் இருப்பாய் என்று எதுவும் கேட்காமல் எனக்கு ஓர் அட்டை எழுதித் தந்த முதல் இடம் நூலகம். அந்த நன்றியில்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

இந்த மடலை முதலில் தமிழில் எழுதுகிறேன். டொச்சிலும் எழுதி உங்களுக்கு அனுப்புவேன், அது வேறு. ஆனால் ஜேர்மனியிலும் பிரான்சிலும் டென்மார்க்கிலும் நூலக அட்டை வைத்திருக்கிற, உங்கள் தேர்தல்களில் வாக்குப் போடுகிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இந்தக் கதை தெரிய வேண்டும், அவர்களும் உங்களிடம் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கடந்த வியாழக்கிழமை பின்னேரம் எங்கள் நூலகத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மூன்று மணிக்கு ஒரு முதியவர் வந்தார், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள், இனிமேல் எல்லாம் இணையத்தில்தான் என்று கடிதம் வந்திருக்கிறது, அந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் பின்னால் உக்ரைனிலிருந்து வந்த ஒரு தாய், தன் தாதியர் படிப்புச் சான்றிதழ்களை வருடி (ஸ்கேன் செய்து) இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்றார். அடுத்தது ஒரு தமிழ்ப் பெண், எட்டு வயது மகனோடு. பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க ஏதாவது இருக்கிறதா அக்கா என்று கேட்டார். எங்களிடம் 11 தமிழ்ப் புத்தகங்கள் இருக்கின்றன, எல்லாமே யாரோ அன்பளிப்பாகத் தந்தவை, எட்டு வயதுப் பிள்ளை வாசிக்கிற மாதிரி அதில் ஒன்றுகூட இல்லை.

பொதுமக்களுக்கென்று ஆறு கணினிகள் வைத்திருக்கிறோம். அவற்றில் இரண்டின் மேல் "பழுது" என்று தாள் ஒட்டியிருக்கிறது. அந்த இரண்டின் பக்கவாட்டிலும் இன்னொரு ஒட்டி இருக்கிறது, முன்பு நடந்த ஒரு நவீனமயத் திட்டத்தின் பெயரோடும் சின்னங்களோடும், வெயிலில் நிறம் வெளுத்துப் போய். திட்டம் முடிந்துவிட்டது. கணினி வாங்கப் பணம் தந்தவர்கள் அதைப் பராமரிக்கப் பணம் தரவில்லை. பராமரிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்தால், ஒவ்வொரு நிதியின் படிவத்திலும் "உங்கள் முன்மொழிவில் புதுமை என்ன" என்றொரு கேள்வி. பழைய கணினியை மாற்றுவதில் என்ன புதுமை இருக்கும்? ஒன்றும் இல்லை. அதனால் பணமும் இல்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். நாற்பது வருடமாக ஐரோப்பா தன் நூலகங்களைத் திட்டம் திட்டமாக நவீனப்படுத்தி வருகிறது. திட்டத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. நூலகத்துக்கு அப்படி ஒரு நாள் கிடையாது, இருக்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில் எங்களைப் போன்ற சிறு நூலகங்கள் விழுந்து கிடக்கின்றன.

திட்டங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றால் கிடைத்ததை நானே தினமும் பயன்படுத்துகிறேன். 1985 செப்டம்பரில் அன்றைய ஐரோப்பிய சமூகத்தின் பண்பாட்டு அமைச்சர்கள் கூடி, நூலகங்கள் கணினித் தரவு வேலைகளில் ஒன்றோடொன்று ஒத்துழைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள், உங்கள் நாற்காலிகளில் உங்களுக்கு முன்னால் இருந்தவர்கள்தான். அப்போது பல நூலகங்களில் அட்டைப் பெட்டிதான் பட்டியல். அந்தத் தீர்மானத்தின் வழியாக வந்ததுதான் 1990களில் ஒன்றியத்தின் மூன்றாம், நான்காம் ஆய்வுச் சட்டகத் திட்டங்களில் (ஆய்வுக்குப் பல வருடத்துக்குச் சேர்த்துப் பணம் ஒதுக்கும் திட்டங்கள்) நூலகங்களுக்கென்றே ஒதுக்கிய தனிப் பகுதி. ஒரு நாட்டு நூலகத்தின் பட்டியலை இன்னொரு நாட்டிலிருந்து தேடுவது, ஒருவர் எழுதிய பதிவை மற்றவர் எடுத்துப் பயன்படுத்துவது, இவையெல்லாம் பழக்கத்துக்கு வந்ததில் அந்தக் காலத்து வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது குழாய் வேலை மாதிரி, சுவருக்குள் ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கு நான் ஒரு புத்தகத்தின் எண்ணைத் தட்டினால் அதன் முழு விவரமும் வேறெங்கோ இருந்து வந்து நிற்கிறதே, அது ஒரே இரவில் வந்ததில்லை.

1998இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் நவீன சமூகத்தில் நூலகங்களின் பங்கு பற்றி ஓர் அறிக்கையை ஏற்றுக்கொண்டது. பின்லாந்து உறுப்பினர் மிர்யா ருனானென் தயாரித்தது. நூலகத்தை அறிவுக் கொள்கையின் நடுவில் வைக்கச் சொன்ன அறிக்கை அது. ஆனால் கிட்டத்தட்ட அதே நேரத்தில், அடுத்த சட்டகத் திட்டத்தில், நூலகங்களுக்கென்று இருந்த தனிப் பகுதி காணாமல் போனது. ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், நூலகம் மூன்றையும் சேர்த்துப் "பண்பாட்டு மரபு" என்று ஒரே பெயரில் போட்டுவிட்டார்கள். ஆவணக் காப்பகங்களோடு சேர்ந்து இருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தப் பெயர் பழைய பொருளைப் பார்க்கிறது. என் மேசைக்கு முன்னால் கடிதத்தோடு நிற்கிற முதியவரை அது பார்ப்பதில்லை.

அப்புறம் யூரோப்பியானா வந்தது, ஐரோப்பிய நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இருப்பவற்றை ஒரே இணையத் தளத்தில் காட்டுகிற மின்னூலகம். கூகிள் நிறுவனம் பெரிய நூலகங்களின் புத்தகங்களை வருடப் போவதாக 2004 டிசம்பரில் அறிவித்ததும், பாரிசில் பிரான்சு தேசிய நூலகத்தின் தலைவராக இருந்த ழான் நொயெல் ழானெனே அதை எதிர்த்து எழுதினார். 2005 ஏப்ரலில் பிரான்சு, ஜேர்மனி, ஸ்பெயின், இத்தாலி, போலந்து, ஹங்கேரி ஆகிய ஆறு நாடுகளின் தலைவர்கள் ஒரு ஐரோப்பிய மின்னூலகம் வேண்டுமென்று ஐரோப்பிய ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். 2008 நவம்பர் 20ஆம் தேதி அது திறந்தது. திறந்த அன்றே மணிக்கு ஒரு கோடி அளவில் கோரிக்கைகள் குவிந்ததில் தளம் படுத்துவிட்டது, டிசம்பரில்தான் மறுபடி எழுந்தது. அன்று அதைப் பலர் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. தங்கள் நூலகங்களில் என்ன இருக்கிறது என்று பார்க்க மக்கள் எவ்வளவு ஆசையோடு காத்திருந்தார்கள் என்பதுதான் அதில் தெரிந்தது. இன்றைக்கு ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பொருள்களின் பதிவுகள் அங்கே இருக்கின்றன.

ஆனால் ஆறு தலைவர்கள் சேர்ந்து கடிதம் எழுதியது பெரிய நூலகங்களின் பழைய செல்வத்துக்காக. ஊர் நூலகத்துக்காக அப்படி ஒரு கடிதம் யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

ஊர் நூலகத்துக்குப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? கிழக்கு ஐரோப்பாவின் பெரும் பகுதியில் அது ஓர் அமெரிக்க அறக்கட்டளை. பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளையின் உலக நூலகத் திட்டம் லாத்வியா, லித்துவேனியா, போலந்து, ருமேனியா, பல்கேரியா, உக்ரைன், மோல்டோவா என்று வரிசையாக வந்து, கிராமத்து நூலகங்களில் கணினியும் இணையமும் வைத்து, அதைவிட முக்கியமாக நூலகர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. லாத்வியாவில் அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும், "தந்தையின் மூன்றாவது மகன்". நாட்டுப்புறக் கதைகளில் எல்லோரும் மண்டு என்று ஒதுக்குகிற கடைசி மகன்தான் கடைசியில் வெல்வான் அல்லவா, அந்த மகன்.

ருமேனியாவில் நடந்ததை நீங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 2009 முதல் 2014 வரை பிப்லியோநெட் என்ற பெயரில் அந்தத் திட்டம் நடந்தது. விவசாய மானியத்துக்கான விண்ணப்பங்கள் இணையத்துக்கு மாறிய நேரம் அது. கிராமத்து விவசாயிக்குக் கணினியும் இல்லை, பழக்கமும் இல்லை, மானிய அலுவலகமோ தூரத்து நகரத்தில். நூலகர்கள் விவசாயிகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, நிலத்தின் அளவையும் பயிரையும் கேட்டுக் கேட்டு, படிவத்தை நிரப்ப உதவினார்கள். ஆயிரக்கணக்கான விவசாயிகளுக்கு அப்படித்தான் மானியம் வந்து சேர்ந்தது. சரி, அந்த மானியம் யாருடைய பணம்? பெரும்பாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம், உங்கள் பொது விவசாயக் கொள்கையின் பணம். உங்கள் பணம் உங்கள் விவசாயியின் கைக்குப் போய்ச் சேருவதற்கு வேண்டிய கணினியை அத்திலாந்திக் கடலுக்கு அப்பால் இருந்து ஒருவர் வாங்கித் தர வேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

அந்த அறக்கட்டளை தன் நூலகத் திட்டத்தை 2018இல் முடித்துக்கொண்டது. முடிப்போம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் முடித்தார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அறக்கட்டளை வரும், போகும். நாடும் ஒன்றியமும் அப்படிப் போக முடியாது. 2010இல் வாங்கிய கணினி இப்போது என்ன நிலையில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைப் பொறுப்பெடுத்துத் தொடர்ந்த இடங்களும் உண்டு. ஆனால் எந்த ஊரில் தொடரும், எந்த ஊரில் நிற்கும் என்பதை அந்தந்த ஊரின் நகரபிதாவின் மனதுக்கும் அந்த வருடத்து வரவு செலவுக்கும் விட்டுவிட்டோம்.

உக்ரைனைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பிப்லியோமிஸ்ட் என்ற பெயரில் இதே வேலை 2009 முதல் 2014 வரை நடந்தது. போர் வந்தபோது நூலகங்கள் இடம்பெயர்ந்தவர்களுக்குத் தகவல் நிலையமாக, குழந்தைகள் இருக்கும் இடமாக, உருமறைப்பு வலை பின்னுகிற இடமாகவும் மாறின. 2022இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பல நாடுகளிலிருந்து சேர்ந்து உக்ரைனின் நூலகங்கள், காப்பகங்கள், அருங்காட்சியகங்களின் இணையத் தளங்களை, அவை இருந்த வழங்கிகள் (சேர்வர் கணினிகள்) அழிவதற்குள் நகலெடுத்துக் காப்பாற்றினார்கள். சர்வதேச ஒத்துழைப்பு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்த வேலையைத்தான் காட்டுவேன். நூலகம் எரிந்த ஊரிலிருந்து வந்தவள் நான். 1981இல் அப்படி நகலெடுத்து வைக்க யாரும் இருக்கவில்லை.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லப் போகிற பதில் எனக்குத் தெரியும். ஒன்றியத்தின் செயற்பாட்டு ஒப்பந்தத்தில் 167ஆவது உறுப்புரை இருக்கிறது, பண்பாட்டு விடயத்தில் உறுப்பு நாடுகளின் சட்டங்களை ஒன்றியம் ஒருமைப்படுத்த முடியாது, நூலகம் அந்தந்த நாட்டின், அந்தந்த நகரத்தின் பொறுப்பு. சரி, ஏற்றுக்கொள்கிறேன். லிஸ்பனில் எத்தனை மணிக்கு நூலகம் திறக்க வேண்டும் என்று பிரசெல்சில் முடிவெடுக்கும்படி நான் கேட்கவில்லை. ஆனால் பதிப்புரிமைச் சட்டத்தை ஒருமைப்படுத்துகிறீர்கள். 2030க்குள் ஒன்றியத்தில் வயது வந்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு அடிப்படை டிஜிட்டல் திறன் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறீர்கள். 2023இல் அந்த அளவு 56 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மீதிப் பேருக்கு யார் கற்றுக்கொடுப்பது? அவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போக மாட்டார்கள், நிறுவனப் பயிற்சிக்கும் போக மாட்டார்கள், ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் இருக்கிற பெண்கள், புதிதாக வந்தவர்கள். கையில் கடிதத்தோடு எங்களிடம்தான் வருகிறார்கள். உங்கள் இலக்கை நிறைவேற்றும் வேலையை ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் செய்துகொண்டிருக்கிறோம், அதற்கு உங்கள் கணக்கில் ஒரு தலைப்புக்கூட இல்லை.

நாடுகளின் பொறுப்பு என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மூன்று நாடுகளைப் பாருங்கள். பின்லாந்தில் 1928 முதலே நூலகச் சட்டம் இருக்கிறது, இப்போது நடைமுறையில் உள்ளது 2017இல் அமுலுக்கு வந்தது. பொது நூலகம் நடத்துவது நகராட்சியின் கட்டாயக் கடமை, இரவலுக்குக் கட்டணம் இல்லை, குடியுரிமை உணர்வையும் கருத்துச் சுதந்திரத்தையும் வளர்ப்பதும் நூலகத்தின் பணி என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஹெல்சின்கியில் நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே "ஓடி" (Oodi) என்ற நூலகத்தை 2018 டிசம்பர் 5ஆம் தேதி, சுதந்திர நாளுக்கு முதல் நாள், மக்களுக்குத் திறந்து வைத்தார்கள். தையல் இயந்திரம் முதல் ஒலிப்பதிவு அறை வரை அங்கே உண்டு. கட்டியது 98 மில்லியன் யூரோவில். நான் விடுமுறையில் போய் ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கட்டடத்தை எல்லோரும் படம் எடுக்கிறார்கள், எனக்குப் பொறாமையாக இருந்தது கட்டடத்தைப் பார்த்து இல்லை, அதற்குக் கீழே இருக்கிற சட்டத்தைப் பார்த்து.

பிரித்தானியாவிலும் 1964 முதல் சட்டம் இருக்கிறது, விரிவான, திறமையான நூலக சேவை தருவது உள்ளூராட்சியின் கடமை என்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லொட்டரி நிதியிலிருந்து பெரும் தொகை ஒதுக்கி நாடு முழுக்க நூலகங்களுக்கு இணையம் கொடுத்தார்கள், அருமையான வேலை. பிறகு 2010க்குப் பின் வந்த சிக்கன நடவடிக்கைகளில் பத்து வருடத்துக்குள் எண்ணூறு அளவில் நூலகங்கள் மூடின. ஆகவே சட்டம் இருந்தால் போதும் என்று நான் வாதாட மாட்டேன். சட்டத்துக்குப் பின்னால் தொடர்ந்து வருகிற பணம் வேண்டும்.

ஜேர்மனியிலோ கூட்டாட்சி அளவில் நூலகச் சட்டமே கிடையாது. துரிங்கன் மாநிலம்தான் 2008இல் முதலில் ஒன்று இயற்றியது, பிறகு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பெரும்பாலான இடங்களில் நூலகம் நகரசபையின் "விருப்பப் பணி", அதாவது செய்தாலும் செய்யலாம், விட்டாலும் விடலாம். தெருவிளக்கு கடமை, குப்பை எடுப்பது கடமை, நூலகம் விருப்பம். நகரசபைக்குப் பணமுடை வந்தால் விருப்பப் பணியில்தான் முதலில் கை வைப்பார்கள். திட்ட நிதி என்பதும் எங்களிடம் வரும்போது இந்த நிலையில்தான் வருகிறது. கணினியை ஒன்றியம் தந்தாலும் அறக்கட்டளை தந்தாலும், அதன் பக்கத்தில் நிற்கிற மனிதரின் சம்பளத்தை இந்த விருப்பத்தில்தான் தேட வேண்டும்.

மின்னூலுக்கு வருகிறேன். இங்கே நீங்கள் 167ஆவது உறுப்புரையைக் காட்டித் தப்ப முடியாது, இது முழுக்க உங்கள் கையில் இருக்கிற பதிப்புரிமை. அச்சுப் புத்தகம் என்றால் நான் கடைக்குப் போய் வாங்குகிறேன், அட்டை ஒட்டி அலுமாரியில் வைக்கிறேன், இரவல் கொடுக்கிறேன். எழுத்தாளருக்கு அதற்காக ஒரு தொகை போகிறது. டென்மார்க் 1946லேயே அந்த இரவல் உரிமைத் தொகையைத் தொடங்கியது, அது நியாயமானது. மின்னூல் என்றால் வாங்கவே முடியாது. உரிமம்தான் கிடைக்கும். அது சில வருடத்தில், அல்லது குறிப்பிட்ட தடவை இரவல் போனதும் காலாவதியாகும், மறுபடி பணம் கட்ட வேண்டும். புதிதாக வந்து எல்லோரும் கேட்கிற புத்தகத்துக்குச் சில பதிப்பகங்கள் மாதக்கணக்கில் உரிமமே தருவதில்லை. எங்கள் வாசகி ஒருவர், 80 வயதைத் தாண்டியவர், பார்வை மங்கியதால் எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கக்கூடிய மின்னூல் மட்டும்தான் அவருக்கு முடியும். அச்சுப் பிரதி என் பின்னால் அலுமாரியில் இருக்கிறது, அவருக்கு வேண்டிய வடிவம் இல்லை. அதை அவருக்கு விளங்கப்படுத்துவது என் வேலையில் நான் வெறுக்கிற நிமிடங்களில் ஒன்று.

லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016 நவம்பர் 10ஆம் தேதி, நெதர்லாந்துப் பொது நூலகங்களின் சங்கம் தொடுத்த வழக்கில், ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மின்னூல் இரவலும் இரவல்தான் என்று சொல்லிவிட்டது. நாங்கள் அன்று மேசையில் கேக் வெட்டினோம். ஆனால் விற்க மாட்டேன் என்று சொல்கிற பதிப்பகத்திடம் அந்தத் தீர்ப்பைக் காட்டிப் பயனில்லை. 2019இல் பதிப்புரிமை ஆணையைப் புதுப்பித்தபோது, பாதுகாப்புக்காக நகலெடுக்கவும் விற்பனையில் இல்லாத பழைய நூல்களை மின்வடிவில் தரவும் நூலகங்களுக்கு வழி திறந்தீர்கள், அதற்கு நன்றி. இரவலை மட்டும் தொடாமல் விட்டுவிட்டீர்கள். எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நியாயமான தொகை கொடுத்து, வெளியான மின்னூலை இரவல் கொடுக்க நூலகத்துக்கு உரிமை உண்டு என்று ஒரு விதி எழுதுங்கள்.

முடியாது என்று சொல்லாதீர்கள், பார்வையற்றவர்களுக்காக ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2013இல் மராக்கேஷில் கையெழுத்தான ஒப்பந்தம், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் வாசிக்கும் வடிவில் நூலை மாற்றவும் எல்லை தாண்டிப் பகிரவும் அனுமதித்தது. அதை முதன்முதலில் உறுதிப்படுத்திய நாடு இந்தியா, 2014இல். ஒன்றியம் 2018 ஒக்டோபரில் சேர்ந்தது. சென்னையில் ஒரு நிறுவனம் ஒலி வடிவில் தயாரித்த தமிழ் நூலை, அந்தக் குறைபாடு உள்ள ஒரு பிள்ளைக்காக டோர்ட்முண்டில் ஒரு நூலகம் பெற்றுக்கொள்ள இன்றைக்குச் சட்டம் இடம் தருகிறது. எல்லை கடந்த ஒத்துழைப்பு ஒரு பிள்ளையின் காதில் போய்ச் சேருவது இப்படித்தான்.

அந்த எட்டு வயதுப் பையனிடம் திரும்புகிறேன். ஐரோப்பாவில் எத்தனையோ ஊர் நூலகங்களில் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குர்திப் பிள்ளைகள், சோமாலிப் பிள்ளைகள், திக்ரின்யா பேசுகிற பிள்ளைகளுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு நூலகமும் தனித்தனியாக ஐந்து, பத்துப் புத்தகம் தேடி, யாரிடம் வாங்குவது என்று தெரியாமல், மொழி தெரிந்த ஆள் இல்லாமல், கடைசியில் அன்பளிப்புப் பெட்டியை நம்பி இருக்கிறது. நோர்வேயில் தேசிய நூலகத்தின் கீழ் ஒரு பன்மொழி நூலகம் இருக்கிறது, தமிழ் உட்படப் பல மொழி நூல்களை ஒரே இடத்தில் வாங்கிப் பட்டியலிட்டு, நாட்டின் எந்த ஊர் நூலகம் கேட்டாலும் ஒரு பெட்டியில் போட்டு அனுப்புகிறார்கள். சில மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினால் அடுத்த பெட்டி வரும். எவ்வளவு எளிய ஏற்பாடு! இதை ஐரோப்பிய அளவில் செய்ய என்ன தடை? நாலைந்து நாடுகளின் நூலகங்கள் சேர்ந்து ஒரு கொள்முதல், ஒரு பட்டியல். தமிழில் பதிவெழுத ஒரு நகரத்தில் ஒருவர் இருந்தால் போதும், ஒருவர் எழுதிய பதிவை எல்லோரும் எடுத்துக்கொள்ளும் குழாய்களை 1990களிலேயே போட்டுவிட்டீர்களே. (அந்த ஒருவராக இருக்க எனக்கு ஆசை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

தமிழுக்கும் ஐரோப்பிய நூலகங்களுக்கும் உறவு நாங்கள் அகதிகளாக வந்த பிறகு தொடங்கியதில்லை. 1708இல் தரங்கம்பாடியில் ஜேர்மன் பாதிரியார் சீகன்பால்கு தன்னிடமிருந்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். பாரிஸ் தேசிய நூலகத்தில் நூற்றுக்கணக்கான தமிழ்ச் சுவடிகள் இருக்கின்றன, அண்மை வருடங்களில் பாரிசும் ஹம்பர்க்கும் சேர்ந்து அவற்றில் பலவற்றை விவரித்துப் பதிவு செய்தன. லண்டனில் பிரித்தானிய நூலகம் நடத்துகிற அழிநிலை ஆவணங்களுக்கான திட்டத்தில் யாழ்ப்பாணத்துச் சுவடிகளும் தமிழ்நாட்டு ஆவணங்களும் மின்வடிவம் பெற்றன.

அந்தப் பிரித்தானிய நூலகத்துக்கு 2023 ஒக்டோபரில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கணினிகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் கும்பல் உள்ளே நுழைந்தது. நூலகம் பணம் கொடுக்க மறுத்தது. 600 ஜிபி அளவில் தரவு திருட்டுப் போனது. முதன்மைப் பட்டியலைத் தேடும் வசதியே 2024 ஜனவரி 15ஆம் தேதிதான் திரும்பியது, யாழ்ப்பாணத்துச் சுவடிகளைப் பார்க்கப் போனவர்களுக்கும் அந்தப் பக்கங்கள் மாதக்கணக்கில் திறக்கவில்லை. அடுத்த மார்ச்சில் அவர்களே ஒளிவுமறைவில்லாமல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், அதில் நான் கோடிட்டு வைத்திருப்பது பழைய கட்டமைப்பைப் பற்றிய பகுதி. வருடக்கணக்காகச் சேர்ந்து போன பழைய மென்பொருள்கள், புதுப்பிக்க முடியாத அமைப்புகள், மீட்பைத் தாமதப்படுத்தியவை அவைதான் என்று. உலகத்தின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்றுக்கே தள்ளிப்போட்ட பராமரிப்பு இப்படித் திரும்பி வந்தால், "பழுது" என்று தாள் ஒட்டி வைத்திருக்கிற எங்கள் நிலை என்ன? எங்களிடம் கணினிப் பாதுகாப்புக்கென்று ஒரு ஆள்கூட இல்லை.

ஆணைக்குழு 2025 ஜூலையில் முன்வைத்த வரவு செலவு யோசனையில் பண்பாட்டுக்கும் ஊடகத்துக்கும் குடிமக்கள் உரிமைக்கும் சேர்த்து அகோரா ஈயு என்று ஒரே நிதி, 8.6 பில்லியன் யூரோ. தொகை பெரிதுதான், மகிழ்ச்சி. அதில் பொது நூலகங்களுக்கென்று பெயர் சொல்லி, புதுமை கேட்காத, பராமரிப்புக்கும் பணியாளர் பயிற்சிக்கும் பாதுகாப்புக்கும் போகிற ஒரு நிரந்தரப் பங்கை எழுதுங்கள். ஒன்றியத்தின் எந்த நிதியிலிருந்து நூலகத்துக்குக் கருவி வாங்கினாலும், திட்டம் முடிந்து ஐந்து வருடத்துக்கு அதைப் பார்த்துக்கொள்ளும் செலவையும் அதே ஒப்பந்தத்தில் சேருங்கள். புதிதாக எதுவும் தொடங்காவிட்டாலும் பரவாயில்லை, இருப்பதை ஓட வைத்தால் போதும் என்று சொல்கிற முதல் நிதித் திட்டமாக அது இருக்கட்டும்.

2014 ஜனவரி 18ஆம் தேதி, ரீகா நகரத்தில் கடும் குளிரில் பதினாலாயிரம் பேர் வரிசையாக நின்று, பழைய தேசிய நூலகத்திலிருந்து ஆற்றின் மறுகரையில் எழுந்த புதிய கட்டடத்துக்குக் கைமாற்றிக் கைமாற்றிப் புத்தகங்களைக் கொண்டு போனார்கள். அந்தப் படங்களை உங்கள் அலுவலகங்களிலும் மாட்டியிருப்பீர்கள். அதில் நின்றவர்கள் யாரும் திட்டப் பணியாளர்கள் இல்லை, தங்கள் நூலகம் என்று நினைத்தவர்கள். அவர்களுக்கு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவர்கள் கையை நீட்டித்தான் நிற்கிறார்கள்.

வாக்களிப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஏதாவது ஒரு சிறு நகர நூலகத்துக்கு வாருங்கள். திறப்பு விழாவுக்கு வேண்டாம், சாதாரண வியாழக்கிழமை மூன்று மணிக்கு வாருங்கள், முன்கூட்டிச் சொல்லவும் வேண்டாம். வேலை செய்கிற நாலு கணினியிலும் ஆள் இருக்கும், வங்கிக் கடிதத்தோடு யாராவது வரிசையில் நிற்பார். பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, அவருடைய கடவுச்சொல்லை மாற்ற நீங்களே உதவிப் பாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஜேர்மனியில் ஒரு நகரசபை நூலகத்தின் இரவல் மேசையிலிருந்து